நாலு மில்லிமீட்டர் வளையம்

இந்த வருடம் பதினோராம் வகுப்புக்கு அலைகள் பாடத்தை நான் நடத்தி முடிக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, உடன் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியையிடம் தள்ளிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. என் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். அன்று காலையில்தான் வராந்தாவில் நின்று இரண்டு மாணவிகளை ஊர் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தேன். இருந்தும் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பாடம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. குழாய்க்குள் இருக்கும் காற்று அதிர்ந்தால் சுரம் பிறக்கும், அவ்வளவுதான். இரண்டு முனையும் திறந்த குழாய் ஒரு ரகம், ஒரு முனை மூடிய குழாய் இன்னொரு ரகம். திறந்த குழாயில் அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று எல்லாச் சீரிசைகளும் வரும். மூடிய குழாயில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை மட்டுமே வரும், இரட்டைப்படை வராது. ஏன் வராது என்று படம் வரைந்து காட்டி, ஐந்து மதிப்பெண் கேள்வி என்று அடிக்கோடு போடச் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் ஓட்டினேன். இது காதால் கேட்கிற சமாசாரம் என்பதே என் தம்பியால்தான் எனக்கு உறைத்தது.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டையில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனான். நிறுத்தினான் என்று சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலை வந்தபோது அவன் விலகிக்கொண்டான், நான் விலகவில்லை. நான் கல்லூரிக்குப் போன வருடங்கள் முழுக்க அவன் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு ஷிப்டு முடிந்து வருவான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. இயல்பிலேயே அவனுக்குப் பேச்சு குறைவு. மனதில் இருப்பதில் பாதிதான் வெளியே வரும். மூடிய குழாயைப் பற்றிப் பேசும்போது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும்.

மில்லில் கூட வேலை பார்த்த ஒருவர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். அவரிடம் ஒட்டிக்கொண்டு இவனும் கற்றுக்கொண்டான். இரண்டு வருடத்தில் பந்தல்குடிப் பக்கம் ஒரு பேண்டு செட்டில் இவனே முன்வரிசைக்கு வந்துவிட்டான். கல்யாணம், கோயில் பொங்கல் சாட்டு, முளைப்பாரி, சாவு எல்லாவற்றுக்கும் போவான். சாவு வீட்டில் இவன் வாசித்தால் அழாதவர்களும் அழுவார்கள் என்பார்கள். எனக்கு அப்போது இசையில் ஒரு மண்ணும் தெரியாது. தம்பி பீப்பி ஊதுகிறான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் யாராவது கேட்டால் மட்டும்.

ஒருநாள் அலைகள் பாடத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"இது நம்ம கிளாரினெட்டுதான்க்கா," என்றான், மூடிய குழாயின் படத்தைத் தொட்டு.

"அதுக்குத்தான் அடியில அம்புட்டுப் பெருசா வாய் தொறந்திருக்கே?"

"கீழ தொறந்திருக்கும். மேல நான் வாய வச்சு மூடிருக்கேன்ல?"

பிறகு வாசித்துக் காட்டினான். புல்லாங்குழலில் ச பிடித்து அழுத்தி ஊதினால் மேல் ச வரும். கிளாரினெட்டில் ச பிடித்துக் கட்டைவிரல் கீயை அமுக்கினால் மேல் ச வராது, அதையும் தாண்டிப் போய் மேல் ப வரும். இரண்டு மடங்கு இல்லை, மூன்று மடங்கு. ஒற்றைப்படை. நாலு வருடம் நான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. மறுநாள் அவனைப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்துப் போய் வேப்பமரத்தடியில் நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் கூச்சத்தில் வேப்பம்பூ கொட்டிக்கிடந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்கு அவன் வருவது வழக்கமாகிவிட்டது.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி தொடங்கி ஆவணி முடிய வானம் பார்த்த கரிசல் கொதித்துக் கிடக்கும். திருவிழாக்களும் கல்யாணங்களும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். பேண்டு செட்டு உச்சி வெயிலில் தார்ச்சாலையில் நடந்துகொண்டே வாசிக்கும், முன்னால் லோடு ஆட்டோவில் கீபோர்டு போகும். கீபோர்டுக்கு வெயிலும் ஒன்று, மழையும் ஒன்று, சுருதி மாறாது. ஊதுகிற கருவி அப்படி இல்லை. சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும், ஒரு டிகிரிக்கு வினாடிக்குச் சுமார் அறுபது சென்டிமீட்டர் கூடும். குழாயின் நீளம் அதேதான், வேகம் மட்டும் கூடினால் சுரம் மேலே ஏறிவிடும். தம்பியின் கிளாரினெட் வெயில் ஏற ஏறக் கீபோர்டை விட்டு மேலே மேலே போகும். பேண்டு மாஸ்டர் சாமி ஊர்வலம் என்றும் பார்க்காமல் கத்துவார்.

"ஏலே, செட்டு இங்க போகுது, ஒன் பீப்பி எந்த ஊருக்குலே போகுது?"

இதற்கு வைத்தியம் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஊதுவாய்க்கும் உடம்புக்கும் நடுவே பீப்பாய் மாதிரி ஒரு குட்டித் துண்டு இருக்கும், அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட வேண்டும். குழாய் நீளும், சுரம் இறங்கும். ஆனால் தம்பியுடையது பழைய கருவி. மூட்டில் சுற்றியிருந்த தக்கை தேய்ந்துபோய், நூல் சுற்றித்தான் இறுக்கியிருந்தான். நடந்துகொண்டே வாசிக்கும்போது இழுத்து வைத்த துண்டு வழுக்கி உள்ளே போய்விடும். ஒரு சாவு ஊர்வலத்தில் சுடுகாட்டு வாசலில் வைத்து மாஸ்டர் இவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவன் சொல்லவில்லை, அவன் மனைவி சொன்னாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் உடனே எதையாவது சரிசெய்தாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அவனை உட்காரவைத்து, போனில் சுரம் அளக்கிற ஆப்பைத் திறந்துவைத்து, ஒவ்வொரு சுரமாக ஊதச் சொன்னேன். தாளில் கணக்குப் போட்டேன். வெப்பநிலை இவ்வளவு, வேகம் இவ்வளவு, அப்படியானால் நீளம் இவ்வளவு கூட வேண்டும். நாலு மில்லிமீட்டர் வந்தது. போர்வெல் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அரை இஞ்சு பிவிசி குழாய்த் துண்டு ஒன்று வாங்கி, நாலு மில்லிமீட்டருக்கு ஒரு வளையம் அறுத்தேன். உப்புத்தாள் போட்டு இழைத்தேன். மூட்டின் இடைவெளியில் அதைப் பொருத்தி, வழுக்கக்கூடாது என்பதற்காகக் குழாய் ஒட்டும் பசையைச் சுற்றிலும் தாராளமாகத் தடவி ஒட்டினேன்.

"இனி ஒன்ன எவன் என்ன சொல்றான்னு பாக்குறேன்," என்றேன்.

எவனும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடத்துத் திருவிழாக்களில் அவன் கிளாரினெட் கீபோர்டோடு ஒட்டி நின்றது. எங்க அக்கா கணக்குப் போட்டு ஒட்டிக் குடுத்தது என்று அவன் எல்லாரிடமும் காட்டினானாம். மாஸ்டரே வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, டீச்சருன்னா டீச்சருதான் என்றாராம். எனக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தது போல இருந்தது. அந்த வளையத்தைக் கதையாக்கி வகுப்பிலும் சொன்னேன்.

அதற்கு அடுத்த மார்கழியில் சென்னையில் ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. நிரந்தர வேலை, சீருடை, குடியிருக்க வீடு. எழுத்துப் பரீட்சை கிடையாது, வாசித்துக் காட்டினால் போதும். வயது வரம்பு ஒன்று இருந்தது, தம்பிக்கு அதுதான் கடைசி வருடம். அந்த வருடத்தை விட்டால் காலம் முழுக்க மில்லும் சாவு வீடும்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விண்ணப்பம் எழுதியது நான். சான்றிதழ் நகல் எடுத்தது நான். அவன் வாசித்துப் பழகினால் போதும் என்று மற்றதையெல்லாம் நானே பார்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்துவிட்டு ரொம்ப நேரம் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, இந்த வளையத்தக் கழத்திட்டுப் போயிரவா?"

"எதுக்கு?"

"இல்ல, காரியாபட்டில ஒரு கல்யாணத்துக்கு விடியக்காலம் வாசிச்சோம். நல்ல பனி. அன்னைக்கு லேசா எறங்குன மாதிரி காதுல கேட்டுச்சு."

"காது ஏமாத்தும்லே. கணக்கு ஏமாத்தாது. அளந்து ஒட்டிருக்கேன், நாளைக்குக் கெளம்புறத வச்சுக்கிட்டு இன்னைக்கு அத நோண்டிக்கிட்டு இருக்காத."

"சரிக்கா. வாரேன்," என்று எழுந்துகொண்டான்.

ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடும் என்பதை வைத்து வளையம் அறுத்தவள் நான். வெப்பநிலை குறைந்தால் வேகமும் குறையும் என்பது அதே வரியின் மறுபாதி. அது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க்காரிக்கு வெயில்தான் உலகம். கூடுகிற சூட்டுக்குக் கணக்குப் போடுவோம், குறைவதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்குத் தெரிந்த ஏசி எல்லாம் மதுரை ஜவுளிக்கடையில் இருந்ததுதான். தேர்வு நடக்கும் இடத்தில் ஏசி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்னலே ஆச்சு?"

"கை நடுங்கிருச்சுக்கா."

நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. சாவு வீட்டில் ஆயிரம் பேருக்கு முன்னால் நடுங்காத கை நாலு பேருக்கு முன்னால் எப்படி நடுங்கியது என்று கேட்டேன். கோழை என்றேன். உனக்குப் பிழைக்கத் தெரியாது, இரண்டு மாதம் உனக்காக நான் அலைந்தது தெண்டம் என்றேன். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஓய்ந்ததும், சோறு இருக்கா என்று கேட்டான். போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அத்தோடு விட்டேனா என்றால் இல்லை. உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம், சபையைப் பார்த்ததும் நடுங்கிவிட்டான் என்று நானே சொன்னேன். அது பரவி அவனுக்கு நடுங்கி என்றே பேர் விழுந்தது. விசேஷ வீடுகளில் மச்சான்முறைக்காரர்கள் அவன் கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்துவிட்டு, பாத்து, சிந்திறாத என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவனும் சிரிப்பான், தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான்.

அடுத்த வருடமே பேண்டு செட்டை விட்டுவிட்டான். மூச்சு பத்தவில்லை என்றான். மில் வேலையையும் விட்டுவிட்டு லோனு போட்டு ஒரு லோடு ஆட்டோ எடுத்தான். பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் சிமெண்டும் தீவனமும் ஏற்றிக்கொண்டு போவான். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்துவிட்டால் லோடு நிறையக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என் வகுப்புக்கு வாசித்துக் காட்ட வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை, அவனும் கேட்கவில்லை. ஏழு வருடம் போய்விட்டது. பாடத்தை மறுபடியும் கரும்பலகையிலேயே நடத்தினேன்.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி போட்டார்கள். பெரிய திரையும் வைத்தார்கள். பாடத்தை அங்கே நடத்தலாம் என்றதும், கிளாரினெட்டின் உட்பாகத்தைக் கழற்றிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஆசை வந்தது. தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் லோடுக்குப் போயிருந்தான். அவன் மனைவி பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி முடிந்து பிள்ளைகள் போனபிறகு, கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். துண்டு துண்டாக எடுத்துத் துணியால் துடைத்தேன். பீப்பாய்த் துண்டு மட்டும் உடம்போடு ஒட்டியபடி வந்தது. என் வெள்ளை வளையம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதைத் துடைக்கும்போது விரலில் ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

வளையத்தைச் சுற்றிலும் கீறல்கள். ஒன்றிரண்டு இல்லை. சாவியோ ஆணியோ வைத்து நெம்பியிருக்கிற கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமாக. ஒரு இடத்தில் விளிம்பு உடைந்து சில்லு போயிருந்தது. இன்னொரு இடத்தில் சின்னதாக இரண்டு பள்ளம் இருந்தது. அது பல் பதிந்த தடம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. எந்தப் பிள்ளை கையில் கொடுத்தான், யார் இதைக் கடித்துவைத்தது என்று நினைத்தேன். அதற்குள் ஏசி காற்று முதுகில் அடித்தது. கையிலிருந்த கருவி சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பை உணர்ந்த நிமிடத்தில் மீதிக் கணக்கு தானாக ஓடிவிட்டது. குளிர்ந்த காற்று, குறைந்த வேகம், அதற்கு மேல் நான் கூட்டிவைத்த நாலு மில்லிமீட்டர். இரண்டும் சேர்ந்து இழுத்தால் சுரம் எவ்வளவு கீழே விழும் என்று தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வளையம் கழன்றிருந்தால் துண்டை உள்ளே தள்ளிச் சரிசெய்திருக்கலாம். கழலாதபடி ஒட்டியவள் நான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தம்பி வீட்டு வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. குசலம் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. கருவியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஏலே, இந்தக் கோடெல்லாம் எப்ப விழுந்துச்சு?"

பார்த்தான். வாளியை மெதுவாகக் கீழே வைத்தான். "அது பழசுக்கா."

"மெட்ராஸ்லயா?"

துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உள்ள ஏசியா போட்டிருந்தாக?"

"ஆமா. நல்ல குளிரு. எனக்கு முன்னாடி வாசிச்சவன் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, நம்மது கீழ கெடக்கும்னு. வெளிய ஓடியாந்து வீட்டுச் சாவிய வச்சு நெம்பிப் பாத்தேன். கடிச்சும் பாத்தேன். அசையல." வளையத்தை விரலால் தடவினான். "நீ நல்லா ஒட்டியிருந்த."

"அப்புறம்?"

"கூப்புட்டாக, போனேன். ரெண்டு வரி வாசிச்சதும் போதும்னுட்டாக. காது இல்லாதவன்லாம் ஏன் வாரான்னு ஒருத்தர் கேட்டாரு."

தம்பியின் காதைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை. காது ஏமாத்தும் என்று நானும் கிளம்புமுன் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். ஆட்டோவின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவமானம்தான் வந்தது. ஏழு வருடம் அவன் கையில் தம்ளரைக் கொடுத்துச் சிரித்தவர்களின் முகமெல்லாம் வரிசையாக வந்தது, அதில் என் முகமும் இருந்தது.

"கை நடுங்குச்சுன்னு எதுக்குலே சொன்ன? ஊரே ஒன்னச் சிரிச்சுச்சே. நானும்ல சிரிச்சேன்."

அவன் வாளியைத் தூக்கி மிச்சத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான்.

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? ஒங்கணக்குத் தப்புன்னு தெரிஞ்சா, அந்தப் பாடத்த நீ பிள்ளைகளுக்கு எப்படிக்கா நடத்துவ?"

திங்கட்கிழமை இரண்டாம் மணி. கம்ப்யூட்டர் அறை வேண்டாம் என்று பழைய வகுப்பறையிலேயே பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். சாக்பீஸை எடுத்துக் குழாயின் படம் வரைந்தேன். ஒரு முனையை மூடி, பக்கத்தில் அடிச்சுரத்துக்கான சூத்திரத்தை எழுதினேன். ஒலியின் வேகத்தை எழுதியதும் முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, எந்த வெப்பநிலைக்கு டீச்சர் என்று கேட்டாள். நல்ல கேள்வி. வழக்கமாக நான்தான் அதைக் கேட்பேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தொண்டை சரியில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.